அமிலம் ஆயுதமல்ல என்று தீர்மானித்தவர்கள்

தெருக்கோடிக் கிணற்றில் இன்று காலை நகராட்சி ஆட்கள் பிளீச்சிங் பவுடர் கொட்டிவிட்டுப் போனார்கள். சன்னலைச் சாத்திய பிறகும் நெடி உள்ளே வந்துவிட்டது. நம் ஊரில் இந்த நெடிக்கு யாரும் மூக்கைப் பொத்துவதில்லை. பனியன் துணியை வெளுக்கிற சலவைப் பட்டறை ஒவ்வொன்றும் இதைத்தான் விடிந்ததும் தெருவுக்கு அனுப்புகிறது. எனக்கு மட்டும் இது உன் ஆஸ்பத்திரியின் கடைசி அறையை நினைவுபடுத்துகிறது. அந்த அறையில் கிடந்த பெண்ணின் தாவணியிலும் முடியிலும் இதே நெடிதான் இருந்தது. எத்தனை தரம் துடைத்தாலும் போகவில்லை என்று நீ சொன்னாய்.

கையில் பத்திரிகை இருந்தது. உலக நாடுகளின் பிரதிநிதிகள் கூடிப் பேசினார்களாம். பயங்கரவாதம் என்பது எது என்று அவர்களுக்குள் ஒத்துவரவில்லையாம். அடுத்த கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று கலைந்துவிட்டார்களாம். உள்பக்கத்தில், பல்பொடி விளம்பரத்துக்குக் கீழே, சின்னச் செய்தி. முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பத்திரிகையைத் தள்ளி வைத்தேன். நீ இருந்திருந்தால் பத்திரிகையை மடித்து எடுத்துக்கொண்டு நேராக உன் வீட்டுக்கு நடந்திருப்பேன். நீ கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்துப் பார்த்து, "அட, நம்மூருக் கமிட்டி அங்கயும் போயிருச்சா புள்ளே?" என்று கேட்டிருப்பாய்.

கேட்க நீ இல்லை. அதனால் எழுதுகிறேன். இது மற்றவர் கண்ணிலும் படும் என்பதால் சில பெயர்களை மாற்றியிருக்கிறேன். உனக்கு யார் யாரென்று தெரியும்.

சென்னையில் ஒரே விடுதியில் இருந்தோம். நீ மருத்துவம், நான் அரசியல். ராத்திரிச் சாப்பாட்டின்போது நீ பிணத்தை அறுத்த கதையைச் சொல்வாய், நான் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போவேன். "உன் பாடத்துலயும் பொணந்தான் புள்ளே. நீங்க அறுக்காம எண்ணிக்கிட்டுப் போயிடறீங்க" என்பாய். படிப்பு முடிந்து நீ சொந்த ஊருக்குத் திரும்பி ஆஸ்பத்திரி வைத்தாய். கல்லூரி வேலை கிடைத்து நானும் இதே ஊருக்கு வந்து சேர்ந்தேன். இரண்டு பேருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊர் நம்மைப் பற்றிப் பேசிச் சலித்து, பிறகு மரியாதை கொடுக்க ஆரம்பித்தது. அந்த மரியாதையால்தான் நாம் அந்தக் கமிட்டியில் மாட்டிக்கொண்டோம்.

வேலைநிறுத்தம் நீண்டுகொண்டே போன வருஷம் அது. பனியன் கம்பெனிகள் பாதிக்கு மேல் பூட்டிக் கிடந்தன. ஒரு கம்பெனியில் மட்டும், வர விரும்புகிற பெண்களைக் குதிரை வண்டி வைத்து அழைத்துப் போனார்கள். அப்படிப் போன வண்டி ஒன்று ஆற்றுப் பாலத்தை ஒட்டித் திரும்பும்போது யாரோ ஒருவன் அமில பாட்டிலை உள்ளே வீசிவிட்டு ஓடினான். வண்டியில் ஓரமாக உட்கார்ந்திருந்தவள் சரசு. பனியனில் பிசிர் வெட்டுகிற வேலை அவளுக்கு. பதினெட்டு, பத்தொன்பது வயதிருக்கும். இடது கன்னமும் கழுத்தும் வெந்துபோயின. இடது கண்ணை உன்னால் காப்பாற்ற முடியவில்லை.

அன்று மாலைக்குள் ஊர் இரண்டாகப் பிரிந்து பேசியது. வேலைக்குப் போகிறவர்களை மிரட்டத் தொழிற்சங்கம் செய்த வேலை என்றது ஒரு பாதி. சங்கத்தின் மேல் பழி போட முதலாளிகள் ஆள் வைத்துச் செய்தது என்றது மறு பாதி. இரண்டு பாதியும் சரசுவின் பெயரைச் சொல்லிக்கொண்டன. அவளைப் பார்க்க வந்தவர்கள் சிலர்தான். ஆனால் இரண்டு பக்கத்திலிருந்தும் பழம் வந்தது. முதலாளிகள் சங்கம் ஆப்பிள் அனுப்பியது, தொழிற்சங்கம் ஆரஞ்சு அனுப்பியது. அவளால் வாயைத் திறக்கவே முடியாத நாட்கள் அவை. சன்னல் மேடையில் இரண்டும் ஒன்றாக அழுகின. ஆயாவைக் கூப்பிட்டு, "இத எடுத்துக் குப்பையில கொட்டு. ஈ வருது" என்று நீ சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

வாய் திறக்க முடிந்ததும் அவள் முதலில் உன்னிடம் சொன்னது, "எனக்கு அவனத் தெரியுமுங்க" என்பதுதான். பெயரைச் சொல்லவில்லை. அவளுடைய அம்மா அவள் காலைப் பிடித்துக்கொண்டு சொல்லாதே என்று அழுதாள். அண்ணன்கள் இரண்டு பேரும் பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள். ஒருவன் சங்கத்தில் இருந்தான், மற்றவன் முதலாளியிடம் விசுவாசமாக இருந்தான். எந்தப் பக்கத்து ஆளின் பெயரைச் சொன்னாலும் வீட்டில் ஒருவனுக்கு ஆபத்து. நீ அவளை வற்புறுத்தவில்லை. அவளே யோசித்து ஒரு வழி சொன்னாள்.

"ரெண்டு பக்கத்துப் பெரியவங்களும் ஒண்ணா நின்னு, ஒரே வாயில, 'இது தப்பு, செஞ்சவன் எங்காளா இருந்தாலும் நாங்க மறைக்க மாட்டோம்'னு சொல்லட்டுமுங்க. அப்பறம் நான் சொல்றனுங்க."

எவ்வளவு சின்னக் கோரிக்கை. நாம் இரண்டு பேரும் அதை நம்பினோம். அந்த வாரமே தாசில்தார் அமைதிக் கமிட்டி அமைக்கப் போவதாகச் சொல்லி அனுப்பினார். எந்தப் பக்கமும் சாராதவர்கள் வேண்டும் என்று நம்மையும் கூப்பிட்டார். "இதுக்காகத்தான் சாமி இந்தக் கமிட்டியக் குடுத்துது" என்றாய். நீ கோயிலுக்குப் போய் நான் பார்த்ததில்லை.

வியாபாரிகள் சங்கக் கட்டடத்தின் மாடி. நீள மேசை, வெள்ளை விரிப்பு. ஒரு பக்கம் முதலாளிகளின் சார்பில் சென்னியப்பன், மறு பக்கம் தொழிற்சங்கச் செயலாளர் மாரிமுத்து. தலைமைக்கு, சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போய்வந்த தியாகி ஒருவர். தாசில்தார், நீ, நான். எல்லோர் முன்னாலும் காப்பி, வாழைக்காய் பஜ்ஜி. சரசு கேட்ட அந்த ஒரு வரியை நீ முதலிலேயே சொல்லிவிட்டாய். மாரிமுத்துவும் சென்னியப்பனும் ஒரே நேரத்தில் தலையை ஆட்டினார்கள். எனக்கே ஒரு நிமிடம் நம்பிக்கை வந்தது.

தாசில்தார்தான் தொண்டையைக் கனைத்தார். "இந்தச் சம்பவத்த மட்டும் குறிப்பிட்டுக் கண்டிச்சா, அப்ப செஞ்சது யாருன்னு கேள்வி வரும். பொதுவா 'பயங்கரவாதத்தைக் கண்டிக்கிறோம்'னு போட்டுடலாம். கௌரவமா இருக்கும்."

"பயங்கரவாதமுன்னா எதுங்க?" என்று மாரிமுத்து கேட்டார். "அதத் தெளிவா எழுதிப்போடுங்க. இல்லீன்னா நாளைக்கு நாங்க ஊர்வலம் போனாலும் இதுதான்னு சொல்லிப்போடுவாங்க."

கேட்டதில் நியாயம் இருந்தது. எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அரசியல் படித்தவள் ஆயிற்றே. நான் எழுதினேன்: 'ஒருவரைக் காயப்படுத்தி, அதைக் காட்டி மற்றவர்களை அஞ்ச வைப்பது.' நீ எட்டிப் பார்த்து, "இது போதும்" என்றாய்.

போதவில்லை.

"டீச்சரம்மா எழுதுனது நல்லாத்தானுங்க இருக்குது," என்று சென்னியப்பன் ஆரம்பித்தார். அவர் யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசி நான் கேட்டதில்லை. "ஆனா ஒண்ணுங்க. காயம் பட்டே ஆகோணும்னு இல்லீங்க. கம்பெனி கேட்டு முன்னால நூறு பேரு நின்னுக்கிட்டு, உள்ள போற பொண்ணுகளப் பாத்துக் கத்துனா அதுவும் இதுதானுங்க. அதயும் சேத்திக்குங்க."

"ஆகட்டுங்க மொதலாளி," என்றார் மாரிமுத்து. "இருட்டுல ஊட்டுக் கதவத் தட்டி, 'நாளைக்கு வேலைக்கு வரலீன்னா உம்பட புள்ளைகளப் பத்தரமாப் பாத்துக்கோ'ன்னு சொல்லிப்போட்டுப் போறாங்கல்ல உங்காளுக, அதயும் சேத்திக்கலாமுங்க."

"அது எங்காளுன்னு யாருங்க சொன்னது?"

"கேட்டுல கத்துனது எங்காளுன்னு யாருங்க சொன்னது?"

"காப்பி ஆறுதுங்க. எடுத்துக்குங்க."

"நீங்க மொதல்ல எடுங்க."

ஊரில் ஒரு பெண்ணின் முகம் வெந்து கிடக்கிறது. இங்கே யார் முதலில் காப்பி குடிப்பது என்று உபசாரம் நடக்கிறது. அந்த 'ங்க' என்கிற மரியாதை அன்றுதான் எனக்கு முதன்முதலாக அருவருப்பைத் தந்தது. கத்தியிருந்தால், மேசையைத் தட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

பிறகு தியாகி பேசினார். அவரிடம் எனக்கு மதிப்பு இருந்தது. "என்னயும் வெள்ளக்காரன் பயங்கரவாதின்னுதான் எழுதி வெச்சிருந்தான். தந்திக் கம்பிய அறுத்தவன் நான். அதனால நல்ல காரியத்துக்காகச் செய்யறது இதுல சேராதுன்னு ஒரு வரி வேணும்."

"எது நல்ல காரியமுன்னு யாருங்க சொல்றது?" என்று நீ கேட்டாய்.

"அது செய்யறவன் மனசுக்குத் தெரியும் அம்மிணி."

"ஆசிட்டு ஊத்துனவன் மனசுக்கும் தெரிஞ்சிருக்குமுங்களே."

கிழவரின் முகம் சுருங்கிவிட்டது. தந்திக் கம்பிக்குக் கண்ணும் கன்னமும் கிடையாது, நீங்கள் அறுத்ததும் இதுவும் ஒன்றல்ல என்று அவரிடம் சொல்ல நினைத்தேன். அதற்குள் தாசில்தார் குறுக்கிட்டு, அரசாங்கம் சட்டப்படி எடுக்கும் எந்த நடவடிக்கையும் இதில் அடங்காது என்று கடைசியில் ஒரு வரி போட்டுவிடச் சொன்னார். அது வழக்கமாம். முந்தின வாரம் ரயில் நிலையத்துக்கு முன்னால் போலீஸ் தடியால் அடித்து மண்டை உடைந்தவர்களுக்கு நீதான் தையல் போட்டிருந்தாய். நீ அவரையே பார்த்துக்கொண்டிருந்தாய். அவர் பஜ்ஜியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்படியே மூன்று நான்கு கூட்டங்கள். நான் எழுதிய காகிதம் கை மாறி மாறி எண்ணெய்க் கறையாகத் திரும்பி வந்தது. ஒவ்வொருவரும் தன் பக்கத்து ஆள் தப்பிக்கிற அளவுக்கு ஓர் ஓட்டை கேட்டார்கள். எதிர்ப்பக்கத்து ஆள் மாட்டிக்கொள்கிற அளவுக்கு ஒரு வார்த்தையும் கேட்டார்கள். பல்கலைக்கழகத்தில் இதே தர்க்கங்களைத் தடித்த புத்தகங்களில் படித்து, அடிக்கோடிட்டு, வியந்திருக்கிறேன். வாழைக்காய் பஜ்ஜியோடு கேட்டபோதுதான் அவற்றின் வாடை தெரிந்தது.

எல்லாவற்றிலும் சண்டை போட்டவர்கள் ஒரே ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டார்களே, அது உனக்கு மறந்திருக்காது. தாசில்தார் கொண்டுவந்த வரைவில் 'ஆயுதத்தாலோ அமிலம் போன்ற பொருளாலோ' என்று இருந்தது. சென்னியப்பன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அய்யோ, அது ஆகாதுங்க. ஆசிட்டு ஆயுதமுன்னு எழுதிப்போட்டா, நாளைக்குப் போலீசு பட்டறை பட்டறையா ஏறி ஜாடிய எண்ணுவாங்க. லைசென்சு கேப்பாங்க. துணி வெளுக்க வேண்டாமுங்களா?"

"மொதலாளி சொல்றது நாயமுங்க," என்றார் மாரிமுத்து உடனே. "பட்டறையில எங்க சனந்தானுங்க நிக்குது. ஜாடி தூக்கிட்டுப் போறவனயெல்லாம் புடிச்சு உள்ள வெச்சுருவாங்க."

அத்தனை கூட்டங்களில் முதல் முறையாக இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். தியாகியின் முகம்கூட மலர்ந்தது. 'அமிலம் தொழிற்பொருள்; ஆயுதமல்ல' என்று தாசில்தார் எழுதிக்கொண்டார். கமிட்டியில் ஒத்த மனதாக நிறைவேறியது அது ஒன்றுதான். சென்னியப்பன் தன் தட்டிலிருந்த பஜ்ஜியை எடுத்து மாரிமுத்துவின் தட்டில் வைத்தார்.

நீ எழுந்து நின்றாய். "அப்ப அந்தப் புள்ள மேல பட்டது என்னுங்க? தொழிற்பொருளுங்களா?"

தாசில்தார் பேனாவை மூடினார். நீ விடவில்லை.

"ஆஸ்பத்திரி நாலு தெருதானுங்க. எல்லாரும் எந்திரிச்சு வாங்க. கட்டுப் பிரிச்சுக் காட்டறேன். பாத்துப்போட்டு, அப்பறம் அது என்ன பொருளுன்னு எழுதலாம்."

"டாக்டரம்மா, கோவிச்சுக்காதீங்க," என்றார் சென்னியப்பன் மிகவும் மென்மையாக. "அத அப்பறமாப் பாத்துக்கலாமுங்க."

மாரிமுத்துவும் ஆமோதித்தார். யாரும் எழுந்திருக்கவில்லை. அந்த நால்வரில் யாரும், கடைசிவரை, அந்த அறைக்கு வந்து சரசுவின் முகத்தைப் பார்க்கவில்லை. இதை நான் மிகைப்படுத்தவில்லை என்று உனக்குத் தெரியும்.

பிறகு ஒரு நாள் வேலைநிறுத்தம் முடிந்தது. அதை முடித்தது நம் கமிட்டி அல்ல. இரு தரப்பும் வேறு எங்கோ உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். அதன்படி இரு தரப்பின் மேலும் இருந்த வழக்குகளெல்லாம் வாபஸ் ஆயின. கமிட்டியின் தீர்மானம் கடைசியாக வெளிவந்தபோது அதில் பயங்கரவாதம் என்ற சொல்லே இல்லை. 'நகரில் நடந்த விரும்பத்தகாத சம்பவங்களுக்கு வருத்தம்' என்று இருந்தது. தீர்மானத்தைச் சரசுவிடம் நீதான் படித்துக் காட்டினாய். நான் வாசலில் நின்றேன். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, "இதுல நான் எங்கீங்க இருக்கறேன்?" என்றாள். நீ அவள் போர்வையைச் சரிசெய்தாய். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பெயரைச் சொல்லவில்லை.

காயம் ஆறியதும் உன் ஆஸ்பத்திரியிலேயே அவளுக்கு வேலை கொடுத்தாய். கட்டுத்துணி வெட்டி மடித்து வைப்பாள், ரத்தக் கறையைத் துவைப்பாள். வருகிற புது நோயாளிகள் அவளைப் பார்த்துத் திடுக்கிட்டால், "நானும் உங்களாட்டத்தானுங்க வந்தேன், உட்காருங்க" என்பாள். நான் என் வகுப்பில் வருஷா வருஷம் வரையறைகள் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். மாணவிகள் எழுதிக்கொள்கிறார்கள். பரீட்சையில் அப்படியே திருப்பித் தருகிறார்கள். மதிப்பெண் போடுகிறேன். வரையறை என்று ஒன்று வரவே முடியாது என்று நான் நினைக்கவில்லை. வரையறுக்க உட்காருகிறவர்கள் தங்கள் ஆளை முதலில் வெளியே அனுப்பிவிட்டு உட்காருகிறார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். உலக நாடுகள் கூடிய மண்டபத்தில் பஜ்ஜி இருந்திருக்காது. வேறு வித்தியாசம் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நீ படுக்கையில் விழுந்த பிறகு ஒரு மத்தியானம் என்னை அருகில் கூப்பிட்டு உட்காரச் சொன்னாய். "சரசு அவன் பேர எப்பவோ எங்கிட்டச் சொல்லிப்போட்டா புள்ளே. நான் போயிட்டா அவளோட சேந்து இத வெச்சிருக்க இன்னொரு ஆளு வேணுமில்ல? அவகிட்டக் கேட்டுட்டுத்தான் சொல்றேன்." பெயரைச் சொன்னாய். எனக்குத் தெரிந்த மனிதர்தான். தெருவில் பார்த்தால் வணக்கம் வைப்பவர்.

போன மாதம் உனக்கு இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். அதே மாடியில்தான். அந்த மனிதர் இப்போது ஒரு சங்கத்தில் பெரிய பொறுப்பில் இருக்கிறார். எந்தச் சங்கம் என்று எழுதமாட்டேன். மேடையில் உட்கார்ந்திருந்தார், எனக்கு முன்னால் பேசினார். "நம்ம டாக்டரம்மா வன்முறைய அறவே வெறுத்தவங்க. அவங்க வழியில நாம நடக்கோணுமுங்க" என்றார். கை தட்டினார்கள்.

கடைசி வரிசையிலிருந்து சரசு எழுந்து வெளியே போவதைப் பார்த்தேன். நானும் எழுந்து பின்னால் போனேன். படிக்கட்டில் அவளைப் பிடித்து நிறுத்தினேன்.

"சரசு, அடுத்து என்னத்தான் கூப்பிடுவாங்க. அவன் பேரச் சொல்லிடட்டுமா?"

அவள் சேலைத் தலைப்பைக் கன்னத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். "வேண்டாமுங்க அம்மா. சொன்னா, அவன் எந்தப் பக்கத்து ஆளுன்னுதான மொதல்ல பேசுவாங்க? பாதி ஊரு சந்தோசப்படும். பாதி ஊரு என்னையப் பொய்க்காரிம்பாங்க. மறுபடியும் கமிட்டி போடுவாங்க. எனக்குத் தெம்பில்லீங்க." இரண்டு படி இறங்கித் திரும்பி, "டாக்டரம்மாவுக்காக வந்தேன். படத்தக் கும்பிட்டுட்டேன். எனக்கா எப்ப சொல்லோணும்னு தோணுதோ, அப்ப நானே வந்து உங்ககிட்டச் சொல்றனுங்க. அது வரைக்கும் வெச்சிருங்க" என்றாள்.

உள்ளே என் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடை ஏறினேன். அந்த மனிதர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, "வாங்க டீச்சரம்மா" என்று கை கூப்பினார். நான் கூப்பவில்லை. இந்த ஊரில் பகையாளிக்குக்கூடப் பதில் வணக்கம் போடுவார்கள். என் கைகள் தொங்கியபடியே இருந்தன. நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவருடைய கைகள் கூப்பியபடியே கொஞ்ச நேரம் இருந்தன. பிறகு அவர் கண்கள் கடைசி வரிசையில் காலியாக இருந்த நாற்காலிக்குப் போயின, மறுபடி என்னிடம் வந்தன. கைகள் மெல்ல இறங்கின. அவருக்குப் புரிந்துவிட்டது.

உன்னைப் பற்றி இரண்டு வாக்கியம் பேசிவிட்டு இறங்கிவிட்டேன். அன்றிலிருந்து தெருவில் என்னைக் கண்டால் அவர் எதிர்ச் சாரிக்கு மாறிவிடுகிறார். நான் வகுப்பில் என்ன பேசினேன் என்று என் மாணவிகளின் அப்பாக்களிடம் விசாரிக்கிறாராம். அவர் தூக்கம் கெடுகிறதென்று நினைக்கிறேன். இதுவும் ஒருவரை அஞ்ச வைப்பதுதானே, இதை எதில் சேர்ப்பது என்று யாராவது கமிட்டி போட்டுக் கேட்கட்டும், நான் போய்ப் பதில் சொல்லிக்கொள்கிறேன். சரசு வந்து சொல்லும் நாள் வரைக்கும் அந்தப் பெயர் என்னிடம் இருக்கும். அவர் சாலையைக் கடந்துகொண்டே இருக்கட்டும்.